கூடு

ஏழாவது வாரத்தில் ரோஸ்லி ஒரு தாளை நீட்டினார்,
கையெழுத்துப் போட்டேன்.
அன்றிலிருந்து இமிடசோல் புட்டியை நான் தொடக்கூடாது,
அது திறந்திருக்கும் அறையில் நிற்கவும் கூடாது.
கண்ணாடிக்கு இப்பால் ஒரு நாற்காலி,
ஒரு குறிப்பேடு,
காதில் ஹ்வீ ஷானின் குரல்.

"துத்தநாக நைட்ரேட், நாற்பது மில்லிகிராம்."
எழுதுகிறேன்.
"ஹெபாரின், ஐந்து."
எழுதுகிறேன்.
இரண்டும் கலந்தும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது.
மூன்றாவதை ஊற்றும்போது அவள் எதுவும் சொல்லமாட்டாள்,
புட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டுவாள்:
அரிசி கழுவிய நீர்.
அவ்வளவுதான், கட்டி முடிந்தது.

வீட்டைக் கட்டிவிட்டு ஆளை அழைப்பதில்லை இங்கே.
ஆள் நடுவில் நிற்க
அவர் மேலேயே கல் வந்து ஒட்டி
சுவர் எழும்பி
கூரை மூடுகிறது.
எல்லாருக்கும் அப்படி நடக்காது.
சாதாரணச் சீனி நாள் முழுக்க நின்றாலும்
துத்தநாகம் திரும்பிப் பார்க்காது.
உடம்பில் எங்காவது ஒரு கழித்தல் குறி வேண்டும்.
கழித்தல் குறி உள்ளவர்களைத்தான்
உலோகம் தேடி வருகிறது.

சர்க்கரையில் ஆராய்ச்சி என்றேன்.
தேக்கா காய்கறிக் கடைக்காரர்
ஊசி குத்திக் காய்த்த விரல்நுனியைக் காட்டினார்.
அந்தச் சர்க்கரை இல்லை அண்ணே,
இது இரத்தம் கட்டாமல் பார்த்துக்கொள்வது,
இனிக்காது.
இனிக்காததற்கு எதற்கு அந்தப் பேர் என்றார்.
முருங்கைக்காய் நான்கு வாங்கிக்கொண்டு
பேருந்து ஏறிவிட்டேன்.

காலை ஆறே காலுக்குச் சேந்தன் வருகிறான்.
பாசிர் பாஞ்சாங்கில் இரவெல்லாம்
நாற்பதடிப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கிய கை.
உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது,
எடை தெரியும், எங்கே இறக்குவதென்று தெரியும்.
அந்தக் கை
தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளித்
தோலைக் கிள்ளிப் பிடிக்கிறது.
இடது, வலது, இடது.
வயிற்றில் நீலம், அதற்குப் பக்கத்தில் பச்சை,
பழையது பழுத்த மாம்பழத்தோல்.
இன்று நூற்று நாற்பத்தொன்று.

இதற்கு முன் இரண்டு தடவை
ஊசி இல்லை.
குழந்தையும் இல்லை.

எங்கள் கூடு தாங்கினால்
தினம் ஒன்று போய் வாரம் ஒன்றாகும்
என்று நிதி விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறோம்.
விண்ணப்பங்களில் எல்லாக் கூடும் தாங்கும்.

செவ்வாயன்று பாஸ்பேட் உப்புநீரில் போட்டுப் பார்த்தாள்,
இரத்தத்தில் ஓடும் அதே உப்பு.
ஏழு நாள் நிற்க வேண்டியது
காலை போட்டது மாலை நாலுக்குள் விட்டுவிட்டது.
நுண்ணோக்கிப் படத்தில்
பன்னிரண்டு முகத்தோடு நேற்று நின்ற படிகங்கள்
எலி கடித்த சோப்புக்கட்டிகள்.
எண்பது விழுக்காடு வெளியே.
புளித்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபின்
மெல்லத் திறக்கவேண்டிய கதவு,
வாசலுக்கு வருமுன்பே
நிலையோடு பெயர்ந்துவிட்டது.

கூடு என்றால் உடம்பு என்றும் படிக்கிற மொழி என்னுடையது.
அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதுவது
சில நாள் நிம்மதி.

எண்பது என்று எழுதிக்கொண்டிருந்தபோது
உள்ளிருந்து ஓர் உதை.
அதற்குக் குறிப்பேட்டில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் நேரத்தை மட்டும் குறித்தேன்: 4.12.
இரண்டாவதுக்குக் காத்திருந்தேன்,
வரவில்லை,
பிறகு வந்தது, 4.19.
ஹ்வீ ஷான் கண்ணாடிக்கு அப்பால்
கையுறையைக் கழற்றிக்கொண்டே
என்ன எழுதுகிறாய் என்று புருவத்தால் கேட்டாள்.
வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.
சிரித்தாள், உடனே தலையைக் குனிந்துகொண்டாள்,
அந்த இரண்டு தடவையும் அவளுக்குத் தெரியும்.

மேலே ஒரு பூச்சுப் போட்டுப் பார்க்கலாம் என்கிறாள்.
வியாழன், பூச்சு, என்று எழுதுகிறேன்.
போனா விஸ்தா நிலையத்துக்கு இறங்கும் வழியெல்லாம் மழை.

வீட்டில் மைலோ டின்னில்
இன்னும் எண்பத்தெட்டு ஊசி.
நாளை வலது பக்கம்.